சொல்லின் ஒலி மூளையில் பொருளாவது எவ்வாறு?

ஒரு சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் இயல்பான உறவு ஏதேனும் உண்டா, இல்லையென்றால் காதில் விழும் ஓசையை மூளை எங்கே, எவ்வாறு பொருளோடு சேர்க்கிறது என்பது கேள்வி. இதற்கு எளிய விடைகள் இரண்டு வழக்கத்தில் உள்ளன. ஒவ்வோர் எழுத்தொலிக்கும் உள்ளார்ந்த பொருள் ஒன்று உண்டு, அவற்றைக் கூட்டினால் சொல்லின் பொருள் கிடைத்துவிடும் என்பார் ஒருசாரார். மூளையின் இடப்பக்கத்தில் மொழி மையம் ஒன்று இருக்கிறது, எல்லாம் அங்கேயே நடந்து முடிகிறது என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் சிறிதளவு உண்மை உண்டு; அந்தச் சிறிதளவை வைத்துக்கொண்டு முழு விடையும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதுதான் பிழை. கிடைத்துள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், அந்த இணைப்பு கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட வேறுபாடுகளைப் பற்றி நிற்பதும், மூளையின் பல பகுதிகளுக்கிடையே ஓடும் பாதைகளாக அமைந்திருப்பதும் தெரிகிறது. இதை விளக்க, ஒலி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்; குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

கடல், தங்கம், மகன் ஆகிய மூன்று சொற்களைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் நாம் எழுதுவது ககரமே. ஆனால் முதற்சொல்லில் குரல்நாண் அதிராத அடைப்பொலியும், இரண்டாவதில் குரல்நாண் அதிரும் அடைப்பொலியும், மூன்றாவதில் ஏறக்குறைய ஹகரத்தை ஒத்த மெல்லிய உரசொலியும் வருகின்றன. இந்தி பேசுபவருக்கு இவை வேறு வேறு எழுத்துகள்; ஒன்றை மற்றொன்றாக ஒலித்தால் சொல்லே மாறிவிடக்கூடும். தமிழர் பெரும்பாலோர், யாரேனும் சுட்டிக்காட்டும் வரையில், இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, மெல்லினத்தை அடுத்து வந்தால் ஒன்று, உயிர்களுக்கு நடுவே தனித்து வந்தால் ஒன்று என எது எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், பொருளை வேறுபடுத்தும் வேலை அந்த வேறுபாட்டுக்குக் கிடைப்பதில்லை. பொருளை வேறுபடுத்தும் ஒலியை ஒலியன் என்றும், அதன் இடத்துக்கேற்ற வடிவங்களை மாற்றொலிகள் என்றும் மொழியியலார் பிரித்துக் கூறுவது இதனால்தான். (கடன்சொற்கள் வந்த பிறகு இந்த ஒழுங்கு சற்றுத் தளர்ந்திருக்கிறது. 'பாவம் செய்தான்' என்பதிலும் 'முகத்தில் பாவம் காட்டினாள்' என்பதிலும் எழுத்து ஒன்றாக இருக்க, முதல் ஒலியை மட்டும் மாற்றிப் பொருளை வேறுபடுத்துபவர்கள் நம்மிடையே பலர்.)

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பத்து, பட்டு ஆகிய சொற்களின் வேறுபாடு தமிழ்க் குழந்தைக்குக்கூட வெளிப்படை. ஆங்கிலம் மட்டுமே அறிந்து வளர்ந்தவருக்கோ நாவைப் பல்லில் ஒற்றி எழுப்பும் தகரமும், மடித்து அண்ணத்தில் ஒற்றி எழுப்பும் டகரமும் ஒரே ஒலியின் சற்று மாறுபட்ட சாயல்களாகவே கேட்கின்றன. அவருடைய செவியில் குறை ஏதும் இல்லை. ஒலியலை அவர் காதுக்குள்ளும் நம் காதுக்குள் நுழைவது போலவே நுழைகிறது. வேறுபாடு அதற்குப் பின்னே, மூளை அந்த அலையை வகைப்படுத்தும் இடத்தில் உண்டாகிறது. 1957இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் உடன் பணியாற்றியவர்களும், ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்குப் படிப்படியாக மாறும் செயற்கை ஒலிகளை உருவாக்கிக் கேட்கச் செய்தார்கள். ஒலி சீராக மாறிக்கொண்டே சென்றாலும், கேட்டவர்களுக்கு அது ஓரிடம் வரையில் ஓர் எழுத்தாகவும், அந்த இடத்தைத் தாண்டியவுடன் வேறோர் எழுத்தாகவும் கேட்டது. இடைப்பட்ட ஒலி என்று எதையும் அவர்கள் உணரவில்லை. வகை மாறும் எல்லைக்கு இருபுறமும் உள்ள சிறிய வேறுபாட்டை எளிதில் கண்டுகொண்டவர்கள், ஒரே வகைக்குள் அதே அளவுள்ள வேறுபாட்டைத் தவறவிட்டார்கள்.

இந்த வகைப்பாடு நம் கவனத்துக்கும் விருப்பத்துக்கும் காத்திருப்பதில்லை என்பதற்குப் பின்லாந்திலிருந்து தெளிவான சான்று உண்டு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, இடையில் எப்போதாவது வேறோர் ஒலியைச் செருகினால், கேட்பவர் வேறு வேலையில் ஆழ்ந்திருந்தாலும் அவருடைய மூளை மின்னலைகளில் விநாடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் ஒரு சிறு மாற்றம் தோன்றும். ரிஸ்தோ நாத்தானென் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்தோனிய மொழியில் உள்ளதும் பின்லாந்தின் பின்னிய மொழியில் இல்லாததுமான ஓர் உயிரொலியை இவ்வாறு செருகினார்கள். எஸ்தோனியர்களின் மூளை அந்த உயிரொலிக்கு வலுவாகவும், பின்னியர்களின் மூளை அதைவிடக் குறைவாகவும் எதிர்வினை காட்டின. இரண்டும் நெருங்கிய உறவுடைய மொழிகள். இரு குழுவினரும் கேட்டது ஒரே ஒலி. தாய்மொழி, பொருள் என்னும் நிலையை எட்டுவதற்கு வெகு முன்னரே, கேட்கும் நிலையிலேயே மூளையைச் செதுக்கிவிடுகிறது.

அந்தச் செதுக்கல் எப்போது நடக்கிறது என்பதும் ஓரளவு துல்லியமாகத் தெரியும். ஒரு மாதக் குழந்தைகூட பகரத்தின் அதிரும் வடிவத்தையும் அதிரா வடிவத்தையும் வேறுபடுத்துகிறது என்பதை பீட்டர் ஐமாஸ் 1971இல் காட்டினார்; புதிய ஒலி கேட்டவுடன் குழந்தை ரப்பர்க் காம்பை வேகமாகச் சப்பத் தொடங்குவதே அவர் பயன்படுத்திய அளவுகோல். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலியிணைகளில் ஒன்று இந்தியின் பல்லொலித் தகரமும் நாமடி டகரமும். ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்தன. இந்திச் சூழலில் வளர்ந்த குழந்தைகளிடம் அது நிலைத்தது. பிறக்கும்போது பல மொழிகளின் ஒலி வேறுபாடுகளுக்கும் இடம் தரும் காது, முதல் பிறந்தநாளுக்குள் ஒரு மொழியின் காதாகிவிடுகிறது. மொழி கற்பதன் முதற்படி, பயன்படாத வேறுபாடுகளைக் கைவிடுவது என்றே கூறலாம்.

ஒலியன்கள் மட்டும் கிடைத்துவிட்டால் சொல் கிடைத்துவிடாது. எழுத்தில் நாம் விடும் இடைவெளி பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை. 'பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் போனார்' என்பதை இயல்பான வேகத்தில் சொல்லிப் பதிவு செய்து, அலைவரைபடமாகப் பார்த்தால், ஓசை அற்றுப்போகும் இடங்கள் சொற்களின் எல்லைகளில் தென்படாமல், வல்லினம் இரட்டிக்கும் இடங்களில், அதாவது சொற்களின் நடுவிலேயே தென்படும். நாவோ இதழோ காற்றை அடைத்து நிற்கும் அந்தக் கணத்தில் ஓசை வெளிவராது. அவ்வாறிருக்க, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை எப்படி அறிகிறது? ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் 1996இல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற மூன்றசைச் சொற்களை இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் தொடர்ச்சியாக இரண்டு நிமிடங்கள் கேட்கச் செய்தார்கள். சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்து எப்போதும் குறிப்பிட்ட ஓர் அசையே வந்தது. சொல் முடிந்த இடத்தில் எந்த அசையும் வரக்கூடும். அந்த இரண்டு நிமிடங்களிலேயே குழந்தைகள் சொற்களையும், சொல்லெல்லையைத் தாண்டி அமைந்த அசைக்கூட்டங்களையும் பிரித்தறிந்தன. எதை அடுத்து எது வரும் என்று ஓயாமல் கணக்கிடும் பொறியொன்று பேசத் தொடங்கும் முன்பே குழந்தையின் மூளையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொருள் வந்து அமர்வதற்கான சொல்வடிவங்களை அதுதான் ஆயத்தப்படுத்துகிறது.

இனி, அந்த வடிவத்தில் அமரும் பொருளுக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவு. நாய் என்பதில் நாயைக் காட்டும் ஒலி ஏதும் இல்லை என்பதற்கு, அதே விலங்குக்கு உலக மொழிகள் இட்ட நூற்றுக்கணக்கான வெவ்வேறு பெயர்களே சான்று. சுவிஸ் மொழியியலார் பெர்டினாண்ட் டி சொசூரின் வகுப்புரைகள் அவர் மறைவுக்குப் பின் 1916இல் நூலாக வந்தபோது, இந்தக் கருத்து மேலை மொழியியலின் அடித்தளமாயிற்று. நமக்கு அது புதிதன்று. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நன்னூல் பிரிக்கிறது. தொல்காப்பியர் காரணமே இல்லை என்று சொல்லாமல், அது வெளிப்படையாகத் தோன்றாது என்று மட்டும் சொல்லி நிறுத்தியது கவனிக்கத்தக்கது, ஏனெனில் பிற்கால ஆய்வுகள் காட்டுவதும் ஏறத்தாழ அந்த நிலையைத்தான்.

கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் வளைந்து குழைந்த ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்டால், மிகப் பெரும்பாலோர் கூர்மையானதற்குக் கிக்கி என்றும் வளைந்ததற்குப் பூபா என்றும் பெயரிடுவார்கள். வோல்ப்காங் கோலர் 1929இல் வேறு சொற்களைக் கொண்டு கண்டறிந்த இதனை, வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001இல் மீண்டும் எடுத்துப் புகழ்பெறச் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் வடிவமே இந்த உணர்வைத் தருகிறது என்று அப்போது ஓர் ஐயம் எழுந்தது. தமிழ் எழுத்தைக் கொண்டு பார்த்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. நம் பகரம் நேர்கோடுகளாலானது, ககரம்தான் வளைந்தது. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் இதைச் சோதித்தபோது, சராசரியாக 72 விழுக்காட்டினர் எதிர்பார்த்தபடியே பொருத்தினார்கள். வெவ்வேறு எழுத்து முறைகளைப் பயன்படுத்துவோரிடமும் அந்தப் போக்கு நீடித்தது. ஆயினும் 72 என்பது நூறு அன்று. சில மொழியினரிடம் இந்த விளைவு தெளிவாகத் தென்படவே இல்லை.

சொற்களின் அளவிலும் இத்தகைய மெல்லிய சாய்வு உண்டு. டாமியன் பிளாசி குழுவினர் 2016இல் ஆயிரக்கணக்கான மொழிகளின் அடிப்படைச் சொற்பட்டியல்களை ஒப்பிட்டு, மூக்கைக் குறிக்கும் சொல்லில் நகர ஒலியும், நாவைக் குறிக்கும் சொல்லில் லகர ஒலியும், சிறியது என்னும் பொருளில் இகரமும், மணலைக் குறிக்கும் சொல்லில் சகர வகை உரசொலியும் தற்செயலாக வரக்கூடியதைவிட மிகுதியாக வருகின்றன என்று கண்டார்கள். தமிழில் பொருத்திப் பார்த்தால், சிறு, சின்ன என்பவை இணங்கி வருகின்றன. மூக்கில் மூக்கொலி இருக்கிறது, ஆனால் அது மகரம். நாக்கில் லகரம் இல்லை. மணலில் சகரம் இல்லை. மொத்தக் கணக்கில் தெரியும் ஒரு சாய்வை ஒரு மொழியின் தனிச்சொல்லுக்கு விதியாக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுத் தேவையில்லை. 'அகரம் இதைக் குறிக்கும், ககரம் அதைக் குறிக்கும்' என்று தொடங்கி ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிளந்து பொருள் காண்பவர்கள் செய்வது இந்தத் தவறைத்தான். பொருந்தும் சொற்களைப் பட்டியலிடுகிறார்கள். பொருந்தாதவை பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள நெருக்கத்தை உண்மையிலேயே காண வேண்டுமானால், தமிழில் இரட்டைக்கிளவிகளிடம் போக வேண்டும். சலசல, கரகர, மொறுமொறு என்பவை கேட்ட ஓசையைப் போலச் செய்பவை, இவை எளிது. பளபள, தகதக, கொழகொழ, வழவழ என்பவை ஓசையே இல்லாத ஒளியையும் தொடுவுணர்வையும் ஒலியால் காட்டுகின்றன என்பதுதான் சுவையான செய்தி. கொழகொழ என்பதை ஒரு கல்லுக்கும், மொறுமொறு என்பதைக் களிக்கும் மாற்றிச் சொன்னால் தமிழ் அறிந்தவர் காது உடனே மறுக்கும். இத்தகைய சொற்கள் திராவிட மொழிகளில் மட்டுமின்றி இந்தியாவின் பிற மொழிக் குடும்பங்களிலும் பரவி, நாட்டின் பொது மொழிப்பண்புகளில் ஒன்றாக இருப்பதை மர்ரே எமனோ 1969இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஆனாலும், தமிழ் அறியாத ஒருவர் தகதக என்பதைக் கேட்டு நெருப்பின் ஒளியையோ பொன்னின் ஒளியையோ தானாக ஊகித்துவிட முடியாது. அவருக்கு அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். கற்ற பிறகு, இந்தப் பொருளுக்கு இந்த ஒலிதான் இயற்கை என்று தோன்றிவிடுகிறது. மூளை அந்த இணைப்பை அவ்வளவு ஆழமாகப் பதித்துக்கொள்கிறது.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்னும் தேடலுக்குத் தொடக்கமாக அமைந்தது 1861. பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'டான்' என்ற ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்த லெபோர்ஞ் என்னும் நோயாளி இறந்தார். பிறர் பேசுவதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய மூளையைத் திறந்து பார்த்த பால் புரோக்கா, இடப்பக்க நெற்றிப்பகுதியின் கீழ்ப்புறத்தில் சிதைவைக் கண்டு, சொல்லை ஒலிக்கும் ஆற்றல் அங்கே இருப்பதாக அறிவித்தார். 1874இல், இருபத்தாறு வயதே ஆன கார்ல் வெர்னிக்கே, தங்குதடையின்றிப் பேசினாலும் பேச்சில் பொருள் அமையாத, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ள இயலாத நோயாளிகளை விவரித்து, அவர்களுடைய சிதைவு காதுக்கு அருகிலுள்ள பக்க மடலின் மேற்பகுதியில் இருப்பதாகக் காட்டினார். பாடநூல்களில் இரண்டு வட்டங்களாக வரையப்படும் மொழி மையங்கள் இவைதாம். புரோக்கா அன்று லெபோர்ஞின் மூளையை வெட்டாமல் பாதுகாத்து வைத்தது பின்னாளில் பெரும்பேறாயிற்று: நீனா டிரோங்கர்ஸ் குழுவினர் 2007இல் அதை எம்ஆர்ஐ கருவியில் வைத்துப் பார்த்தபோது, சிதைவு மேற்பரப்பில் தெரிந்ததைவிட மிக ஆழமாகச் சென்று, மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளையும் அழித்திருந்தது தெரியவந்தது. புரோக்காவின் பெயரால் அழைக்கப்படும் அந்தச் சிறு பரப்பு மட்டும் கெட்டிருந்தால் லெபோர்ஞின் பேச்சு அவ்வளவு முற்றாக அற்றுப்போயிருக்குமா என்பது இன்று ஐயத்துக்குரியது.

எனவே மையங்களை விடுத்துப் பாதைகளைப் பார்ப்பதே பயன் தரும். கிரெகரி ஹிக்காக்கும் டேவிட் பொப்பலும் 2007இல் முழு வடிவம் கொடுத்த கோட்பாட்டின்படி, பக்க மடலின் மேற்பகுதியில் ஒலியாக அலசப்பட்ட பேச்சு அங்கிருந்து இரண்டு பாதைகளில் பிரிகிறது. ஒன்று பக்க மடலின் கீழும் முன்னும் சென்று ஒலியைப் பொருளோடு சேர்க்கிறது. மற்றொன்று மேற்புறமாக நெற்றி மடலை நோக்கிச் சென்று ஒலியை வாயசைவோடு சேர்க்கிறது. இது வெறும் வரைபடம் அன்று என்பதை நோயாளிகளே காட்டுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் சிலர் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், ஓரளவு சரளமாகப் பேசவும் செய்கிறார்கள். ஆனால் ஒரு தொடரைச் சொல்லி 'இதைத் திருப்பிச் சொல்லுங்கள்' என்றால் முடிவதில்லை. கருத்து மாறாமல் வேறு சொற்களில் சொல்லிவிடுவார்கள். கேட்ட சொற்களை அப்படியே சொல்ல மட்டும் வராது. ஒலி பொருளாக மாறிவிட்டது, ஆனால் ஒலியாக வாய்க்குப் போய்ச் சேரவில்லை. வேறு சிலரிடம் இதற்கு நேர்மாறு: நீண்ட தொடரையும் பிசகாமல் திருப்பிச் சொல்வார்கள், அதன் பொருள் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. மேற்பாதை நிற்கிறது, கீழ்ப்பாதை அறுந்திருக்கிறது. இருபுறப் பக்க மடல்களும் பாதிக்கப்பட்ட அரிய நோயாளிகள் சிலருக்குக் கதவு தட்டும் ஓசையும் நாயின் குரைப்பும் கேட்கும். படிக்கவும் எழுதவும் முடியும். பேச்சு மட்டும் தெரியாத அயல்மொழியைப் போலக் கேட்கும். அங்கே ஒலியை ஒலியனாக மாற்றும் முதற்படியே தகர்ந்துவிட்டது.

அந்த முதற்படியின் உள்ளமைப்பை அண்மைக் காலத்தில் நேரடியாகவே காண முடிந்திருக்கிறது. வலிப்பு நோய்க்கான அறுவை மருத்துவத்துக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம், நீமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் ஆகியோரின் குழு கலிபோர்னியாவில் ஆய்வு செய்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. பக்க மடலின் மேற்பகுதியில் ஓரிடம் அடைப்பொலிகளுக்கும், ஓரிடம் உரசொலிகளுக்கும், ஓரிடம் மூக்கொலிகளுக்கும், சில இடங்கள் உயிரொலிகளுக்கும் எதிர்வினை காட்டின. தனித்தனி எழுத்துக்கென்று தனித்தனி இடம் அமைந்திருக்கவில்லை. ஒலி பிறக்கும் முறையால் ஒன்றுபடும் எழுத்துக்கூட்டங்களுக்கே இடங்கள் அமைந்திருந்தன. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பகுப்பைப் பள்ளியில் மனப்பாடம் செய்த எவருக்கும் இது புன்முறுவலை வரவழைக்கும். தொல்காப்பியர் மூளையியலை முன்னறிந்தார் என்று இதைத் திரித்துவிட வேண்டாம்; வாயில் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கூர்ந்து கவனித்த இலக்கணியும், காதின் வழியே அந்த ஒலியைப் பிரித்தறியும் மூளையும் ஒரே பொருளை இருபுறமிருந்தும் அணுகியதால் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

கீழ்ப்பாதை சென்று சேரும் பொருளுக்கு இவ்வளவு தெளிவான முகவரி கிடையாது. ஜாக் கேலன்ட்டின் ஆய்வகத்தில் அலெக்சாண்டர் ஹூத் முதலியோர், ஏழு பேரை இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கதைகள் கேட்கச் செய்து, 2016இல் வெளியிட்ட வரைபடத்தில், சொற்பொருள்கள் மூளையின் இருபுறங்களிலும் அதன் மேலடுக்கான புறணியின் பரந்த பகுதியெங்கும் விரவிக் கிடந்தன. அவ்வாறு பரவிக் கிடப்பவற்றை ஒன்றாகத் தொகுக்கும் முடிச்சு ஒன்று பக்க மடலின் முன்நுனியில் இருப்பதாகப் பலர் கருதக் காரணம், பொருள் மறதி நோய் எனத்தக்க ஒருவகை முதுமறதி. அந்த நுனி மெல்லச் சுருங்கும் இந்நோயாளிகள் இலக்கணப் பிழையின்றிச் சரளமாகப் பேசுவார்கள். சொற்களின் பொருள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அரிய சொற்கள் முதலில் போகும். வாத்து, கோழியாகும், பிறகு பறவையாகும், பிறகு வெறும் விலங்காகும். வாத்தின் படத்தைக் காட்டி மறைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து வரையச் சொன்னபோது நான்கு கால்களோடு வரைந்த நோயாளிகள் உண்டு. சொல்லோடு சேர்ந்து, சொல் சுட்டிய பொருளைப் பற்றிய அறிவே தேய்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டுகின்றன.

இவையனைத்தும் நடக்கும் விரைவையும் சொல்ல வேண்டும். 'அம்மா கல்லில் எண்ணெய் விட்டு நாற்காலியைச் சுட்டாள்' என்பதைப் போன்ற ஒரு தொடரில், எதிர்பாராத அந்தச் சொல் வந்ததும், விநாடியின் பத்தில் நான்கு பங்கை ஒட்டி மூளை மின்னலையில் ஒரு சரிவு உச்சம் அடைகிறது. மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்லியார்டும் 1980இல் கண்டறிந்த இந்தச் சரிவு, சொல் எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு ஆழமாகிறது. பொருந்தும் சொல்லுக்கும் சிறிய அளவில் எழவே செய்கிறது. மூளை சொல்லுக்காகக் காத்திராமல், வரக்கூடியவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஒரே ஒலிவடிவத்துக்கு இரு பொருள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் டேவிட் ஸ்வின்னி 1979இல் சோதித்தார். 'ஆறு' என்று கேட்டால், சூழல் நீரோட்டத்தையே சுட்டினாலும், எண்ணின் பொருளும் ஒரு கணம் விழித்துக்கொள்ளும். மூன்று அசைகள் கடப்பதற்குள் தேவையற்ற பொருள் அடங்கிவிடும். நமக்குத் தெரியாமலேயே நடந்துவிடும் இந்தத் தேர்வைத்தான் சிலேடை பாடும் புலவர்கள் வேண்டுமென்றே முடியவிடாமல் நிறுத்திவைக்கிறார்கள்.

கடைசியாக, இந்த அமைப்புக்கு ஒலி கட்டாயந்தானா என்ற ஐயம் எஞ்சுகிறது. பிறவியிலேயே காது கேளாதோர் கைகளால் பேசும் சைகைமொழிகள், பேச்சுமொழிகளைப் போலவே இலக்கணம் உடைய முழு மொழிகள். ஒலியனுக்கு ஈடாக அங்கே கைவடிவம், கை இருக்குமிடம், அசைவு ஆகியவை பொருளை வேறுபடுத்துகின்றன. சைகைமொழிச் சூழலில் வளரும் காது கேளாத குழந்தைகள், பிற குழந்தைகள் மழலையொலி எழுப்பும் பருவத்தில், கைகளால் மழலை செய்கின்றன என்பதை லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் 1991இல் காட்டினார்கள். ஹோவர்ட் பாய்ஸ்னர், எட்வர்ட் கிளீமா, உர்சுலா பெல்லூகி ஆகியோர் அமெரிக்க சைகைமொழி பேசும் பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூளையின் வலப்பக்கம் கெட்டவர்கள் படம் வரையவும் இடங்களை மதிப்பிடவும் திணறியபோதும் சைகைமொழியைச் சரளமாகவே பேசினார்கள். சைகைமொழி முழுவதும் இடத்தையும் அசைவையும் கொண்டு இயங்குவதால், அவர்கள்தாம் தடுமாறுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது வியப்பளித்தது. இடப்பக்கம் கெட்டவர்களிடமோ, பேச்சிழந்தவர்களிடம் காணும் அதே குறைகள் கைகளில் தோன்றின: சிலர் சைகைகளைத் தொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறி அமைத்தார்கள், சிலர் சரளமாகக் கையசைத்தும் பொருள் கூடவில்லை. அவர்களில் சிலரால், ஒரு பொருளைக் குறிக்கும் மொழிச்சைகையைச் செய்ய முடியாத நிலையிலும், அப்பொருளைப் பயன்படுத்துவது போன்ற வெறும் பாவனையை அதே கையால் தெளிவாக நடித்துக் காட்ட முடிந்தது.